கொடி புதைத்த மரம்

யூலலி பின்னக், எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. எங்கள் தீவின் செயின்ட் எலிசபெத் மலைச்சரிவில் இன்று நாற்பது வயதைத் தாண்டாத யாரும் அவள் கையால் சாப்பிடாமல் வளர்ந்ததில்லை. ஒரே மகன், எவரால்ட். ஆப்பிள் பறிக்கிற வேலைக்குக் கனடா போனான். முதல் இரண்டு வருடம் துணியும் சோப்பும் அடைத்த பீப்பாய் வந்தது, பிறகு கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. பதினோரு வருடம் ஆகிவிட்டது.

பள்ளிக்கு ரொட்டி கொண்டுவரும் மெர்ல் வாய் சும்மா இருக்காதவள். "மகன்கிட்டருந்து சேதி உண்டா, மிஸ் யூலி?" என்று வாரம் ஒருமுறையாவது கேட்டுவிடுவாள்.

"கொடி இங்க கெடக்குடி. எங்க போயிருவான்?" என்பாள் யூலலி.

அது வெறும் பேச்சு இல்லை. இங்கே பிள்ளை பிறந்தால் தொப்புள்கொடியை மண்ணில் புதைத்து, அதன் மேல் ஒரு கன்று நடுவோம். நிலம் யாருடையதாக இருந்தாலும் மரம் பிள்ளையுடையது. எவரால்ட் பிறந்தபோது பக்கத்து வீட்டுக் கிழவர் வாஸல் இடத்தைக் காட்டி, "இங்க நடும்மா, நல்ல ஈரம்" என்றார். யூலலி சீமைப்பலாக் கன்றை நட்டாள். அப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலி கிடையாது. யாரும் எழுதி வாங்கவில்லை. அதுதான் அவள் செய்த தப்பு என்றால், எங்கள் ஊரே அந்தத் தப்பைச் செய்திருக்கிறது.

கிழவர் போனார். மகன் ஹியூபர்ட் வாஸல் வந்தான். சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிற ஆள், முகத்தில் எப்போதும் ஒரு பக்தி. மரியாதைக்கு 'மாஸ்' போட்டுத்தான் ஊர் அவனைக் கூப்பிடும். நில அளவைக்காரனைக் கூட்டிவந்து முளை அடித்தான். மரம் அவன் பக்கம் போனது. மறுநாளே முள்கம்பி ஏறியது.

"மாஸ் ஹியூபர்ட், அது என் பிள்ளை மரம். ஒங்கப்பாவே எடம் காட்டினாரு."

"அப்பா பேச்சு காத்தோட போச்சு, மிஸ் யூலி. வரைபடம் கையில இருக்கு பாருங்க."

பதினெட்டு வருடம் அந்த மரத்தின் காயை அவன் சந்தையில் விற்றான். கிறிஸ்துமஸுக்கு இரண்டு காயை வேலிக்கு மேலே நீட்டுவான், பிச்சை போடுகிற மாதிரி. அவள் வாங்கிக்கொள்வாள். மகனுடைய காய் ஆயிற்றே, எப்படி மறுப்பாள்? நெருப்பில் சுட்டுத் தின்னும்போது மட்டும் அவனைச் சபிப்பாள்.

போன வருடம் அடிமரத்தில் கரையான் புற்றைப் பார்த்தாள். ஆட்கள் நடமாடுகிற நேரமாகப் பார்த்துத்தான் சத்தம் போட்டுச் சொன்னாள்.

"மரம் உள்ள செத்துக்கிட்டு வருது. எம் பக்கம் சாஞ்சிருக்கிற கெளையையாவது வெட்டிவிடுங்க."

"எம் மரத்தப் பாத்துக்க எனக்குத் தெரியும். நீங்க ஒங்க அடுப்பப் பாருங்க."

புயல் அக்டோபரில் வந்தது. ஊரே பள்ளிக்கூடத்தில் ஒண்டியிருந்தது. விடிந்து அவள் வீட்டுக்குப் போனபோது வீட்டின் மேல் மரம் படுத்திருந்தது. படுக்கையறை இல்லை, சமையல்கட்டு இல்லை. எவரால்டின் பீப்பாய் ஒன்று நசுங்கிக் கிடந்தது. அவளுக்கு முதலில் அழுகை வந்தது மரத்தைப் பார்த்துத்தான் என்பதை அவள் பிறகு என்னிடம் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் ஹியூபர்ட் வாஸல் கைகட்டி நின்றான்.

"மரத்த எடுங்க, மாஸ் ஹியூபர்ட். கூரையப் போட்டுக் குடுங்க."

"நானா? எவரால்டு மரத்துக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? கொடி இங்க கெடக்குன்னு ஊர் முழுக்கச் சொன்னது நீங்கதான? எம் மண்ணுல நிக்க எடம் விட்டேன், அவ்வளவுதான்."

பதினெட்டு வருடம் காயை விற்றுத் தின்ற வாய் அப்படிப் பேசியது.  எனக்கு இதை எழுதும்போதும் ஆத்திரம் வருகிறது.

விவகாரம் தலைமையாசிரியை மிஸ் கூம்ஸிடம் போனது. சத்தியப் பத்திரங்களுக்கு முத்திரை வைக்கிற உரிமை இந்தச் சரிவில் அவரிடம்தான் இருக்கிறது. "வேலிக்கு அந்தப் பக்கம் நின்ன மரம், ஹியூபர்ட். முன்கூட்டியே சொல்லியும் இருக்காங்க. நீதான் பொறுப்பு," என்றார்.

"அப்ப கோர்ட்டுக்குப் போகட்டும், டீச்சர். நான் வர்றேன்."

கோர்ட்டின் கூரையே பறந்துபோயிருந்தது. வழக்கு முடிகிறவரை தார்ப்பாய்க்குக் கீழே இருந்தால், ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்த அவள் நெஞ்சு தாங்காது. அது எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு நன்றாகவே தெரியும்.

"ஒண்ணு செய்வோம்," என்றான் அவன், சர்ச்சில் பேசுகிற குரலில். "அந்த மரத்தடியில எம் பிள்ளை கொடி இல்ல, அது எம் மகன் மரமே இல்லன்னு பைபிள் மேல கை வச்சுச் சொல்லிட்டு, கையெழுத்துப் போடட்டும். நாளைக்கே ஆள் விட்டுக் கூரை போட்டுத் தர்றேன்."

செத்தாலும் அவள் அதைச் சொல்ல மாட்டாள் என்று கணக்குப் போட்டிருந்தான். சொன்னால் மகன் திரும்பி வருகிற வழியைத் தன் வாயாலேயே அடைத்தது மாதிரி. கூடியிருந்த நாங்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தோம்.

யூலலி கொஞ்ச நேரம் இருமினாள். மேல்துணியால் வாயைத் துடைத்தாள். பைபிளை அவளே இழுத்துக்கொண்டாள்.

"அங்க எம் பிள்ளை கொடி இல்ல. அது எம் மகன் மரம் இல்ல."

கையெழுத்துப் போட்டாள். மிஸ் கூம்ஸ் முத்திரை வைத்தார். ஹியூபர்ட் முகத்தில் பக்தி கொஞ்சம் குறைந்தது. ஊர் முன்னால் சொன்ன வார்த்தை, தப்ப முடியவில்லை. புதுத் தகரம், புது உத்தரம், எல்லாம் போட்டான்.

பிப்ரவரியில் அவள் சமையல்கட்டு வாசலில் ஒரு துளிர் கிளம்பியது. சீமைப்பலா அப்படித்தான், மரம் விழுந்தாலும் வேர் எங்கேயாவது தலைநீட்டும். முழங்கால் உயரம் வந்ததும் ஹியூபர்ட் அதைப் பார்த்துவிட்டான். தெருவில் போனவர்களுக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டான்.

"அழகா வந்திருக்கு, மிஸ் யூலி! யாரு மரம் அது? சொல்லிட்டு வச்சுக்கங்க, நான் கேக்கவே மாட்டேன்."

தலைக்கு மேல் அவன் போட்ட கூரை. அவன் பையில் அவள் போட்ட கையெழுத்து. மகன் மரம் என்று சொன்னால் சத்தியம் பொய்யாகும், கூரைக்கும் அவன் கணக்குக் கேட்பான். யூலலி உள்ளே போய் வெட்டரிவாளை எடுத்துவந்தாள். அடியோடு வெட்டி, இலை கசங்காமல் வேலிக்கு மேலே நீட்டினாள்.

"ஒங்க மரம்தான், மாஸ் ஹியூபர்ட். வேலி தாண்டி வந்துருச்சு. பிடிங்க."

மழைக்கு அது மறுபடியும் துளிர்த்தது. மறுபடியும் அவளே வெட்டினாள்.

கூரை நல்ல கூரை. இதுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. மெர்ல்தான் பழக்கதோஷத்தில் ரொட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள். "மகன்கிட்டருந்து சேதி உண்டா, மிஸ் யூலி?"

யூலலி பானையைக் கிண்டுவதை நிறுத்தவில்லை.

"இங்க அவனுக்கு என்ன இருக்குடி, வர்றதுக்கு?"