வாரேன் என்று சொன்னவர்

எங்கள் அண்ணன் கண்மூடி இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அண்ணனோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். தங்கை எழுதுகிறேன், கூடக் குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது ஏழாயிரம்பண்ணையில். எங்களைப் பெற்ற ஐயா காலமானபோது அண்ணனுக்குப் பதினாறு வயது. மானாவாரி நிலம் மூன்று வருடம் ஏமாற்றிய பிறகு, சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கடிதம் எழுதும் வேலைக்குச் சேர்ந்தார்கள். விருதுநகரில் ஒரு வாத்தியாரிடம் இந்தியும் படித்தார்கள். முற்றத்தில் நடந்துகொண்டே பாடத்தைச் சொல்லிப் பார்ப்பார்கள். "மே ஆத்தா ஹூம்" என்றால் 'நான் வருகிறேன்' என்று அர்த்தமாம். எங்கள் வீட்டில் அம்மாவை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். "இங்கனதானய்யா இருக்கேன், என்னத்துக்குக் கூப்பிடுதே?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும்.

ஐம்பதுகளின் கடைசியில் முதலாளி அண்ணனைக் கான்பூருக்கு அனுப்பினார். அங்கே ஒரு சேட்டு தீபாவளிச் சரக்கை மொத்தமாக எடுப்பவர். அவருடைய ஆர்டர் இல்லாவிட்டால் அந்த சீசனில் பாதிப் பேரை நிறுத்த வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்தப் பாதிப் பேரில் முக்கால்வாசி எங்கள் ஊர்க்காரர்கள். வெடியை ரயிலில் கொண்டுபோக முடியாது. லேபிள்கள் ஒட்டிய ஒரு நோட்டுத்தான் கையில். கிளி, தாமரை, மயில். அதை மடியில் விரித்துக்கொண்டு, சன்னலில் ஓடும் ஊர்களையும் படங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போனார்களாம். கண் சொக்கும்போது எது ஊர், எது படம் என்றே தெரியாதாம்.

சேட்டுக்கு லேபிள்கள் பிடித்துவிட்டன. நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, நாளைக்கு ஆர்டர் எழுதித் தருவதாகச் சொன்னார். அண்ணன் எழுந்து கும்பிட்டு, நம் ஊரில் 'வாரேன்' என்று சொல்வதுபோலவே "மே ஆத்தா ஹூம்" என்று விடைபெற்று, தங்கியிருந்த இடத்துக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் போனால் சேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். லேபிள் நோட்டு அண்ணன் கைக்கே திரும்பி வந்தது. கடைக் குமாஸ்தாதான் அரைகுறை இங்கிலீஷில் விளக்கினார். புறப்படும்போது அப்படிச் சொன்னால் அந்த ஊரில் 'இதோ வந்துவிடுகிறேன்' என்று பொருள். வருகிறேன் என்ற விருந்தாளிக்காகச் சேட்டு இரண்டு தட்டு வைத்து, பொழுது சாயும்வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவனோடு என்ன வியாபாரம் என்பது அவர் கேள்வி.

அண்ணன் ஊருக்கு வந்து எங்களிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல தாயி. 'எங்க ஊர்ல புறப்படும்போது போறேன்னு சொல்லப்படாதுய்யா. செத்தவுகதான் போவாக. உசிரோட இருக்கவன் வாரேன்னுதான் சொல்லுவான்'னு தெரிஞ்ச இந்தியில சொன்னேன். அம்புட்டுத்தான் எனக்கு வந்துச்சு."

சேட்டு அதைக் கேட்டதும், "அப்படியென்றால் சொன்னபடி வந்துதானே இருக்கிறீர்கள்" என்று, இரண்டு தட்டு கொண்டுவரச் சொன்னாராம். சாப்பிட்ட பிறகுதான் ஆர்டர். அந்த வருடம் யாரையும் நிறுத்தவில்லை. அதற்கப்புறம் சேட்டு எழுதும் கடிதமெல்லாம் இந்தி எழுத்தில் நம்முடைய 'வாரேன்' என்ற சொல்லோடுதான் முடியும்.

அண்ணனுக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாராவது வருவதாகச் சொல்லியிருந்தால், அவர் வரும்வரை வீட்டில் யாரும் கை நனைக்கக் கூடாது. அதனால் நாங்கள் பட்டினி கிடந்த மதியங்கள் பல. அண்ணிக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

வயிற்றில் வந்த கட்டி அவர்களைப் படுக்கையில் போட்டது. ஆபரேஷனுக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது என் கையைத் தட்டி, "வாரேன் தாயி" என்றார்கள். "சரிண்ணே" என்றேன். அதற்கப்புறம் அவர்கள் கண் திறக்கவில்லை.

ரத்தம் கொடுத்த கம்பெனித் தோழர்களுக்கும், தாயில்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்து நின்றவர்களுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய பங்காளிகளுக்கும், மாமன் மச்சான்மாருக்கும் எங்கள் குடும்பம் கை கூப்புகிறது. கான்பூர்ச் சேட்டுக்கும்தான். செய்தி அறிந்து அவர் எழுதியது இவ்வளவே: "ஒரு நாள் அவருக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தேன். மறுநாள் வந்தார்."

சேட்டு காத்திருந்தது ஒரு நாள். எனக்கு ஓராண்டு ஆகிவிட்டது, அண்ணே.