ஊசிக் காதும் சித்தியின் கண்ணாடியும்

நூலுக்கு ருசி உண்டு என்று சொன்னால் சிரிப்பீர்கள். கருப்பு நூல் லேசாகக் கசக்கும், வெள்ளை நூலில் கஞ்சி வாடை இருக்கும், சிவப்பு நூலை நாக்கில் வைத்தாலோ சாயம் ஒட்டி, வெற்றிலை போட்ட நாக்கு மாதிரி ஆகிவிடும். தையல் மிஷின் ஊசியில் கோர்ப்பதற்கு முன்னால் நூலின் முனையை எச்சில் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிக் கூராக்கித் தரும் உரிமை ஸ்ரீவராகத்து எங்கள் வீட்டில் என்னுடையதாக இருந்தது. அந்த ருசி இன்றைக்கும் என் நாக்கில் இருக்கிறது. அதோடு சேர்ந்து ஒட்டிக்கொண்ட சந்தேக புத்தியும் போகவில்லை.

சந்தேகம் எனக்கு அம்மா வழியில் வந்தது. அம்மா வீட்டிலிருந்தபடியே அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். நாற்பதை நெருங்கியபோது பக்கத்திலிருப்பது மங்கும் வெள்ளெழுத்து அவளுக்கு வந்துவிட்டது, ஆனால் அதை அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை. நூல் ஊசிக் காதில் நுழையாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழுக்கிப் போகும்போதெல்லாம், "ஊசிக் கம்பெனிக்காரன் ஏமாத்துகான், காத வரவரச் சின்னதாப் பண்ணுகான்" என்பாள். பால்காரர் தண்ணீர் ஊற்றுகிறார், பூக்காரி முழத்தைக் குறைக்கிறாள் என்ற அவளுடைய நெடிய பட்டியலில் முகம் தெரியாத அந்த ஊசிக்காரரும் சேர்ந்துகொண்டார்.

அப்போதெல்லாம் கூப்பிட்ட குரலுக்கு வந்து கோர்த்துக் கொடுப்பது பகவதிச் சித்திதான். அம்மாவின் தங்கை, தம்பானூரில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்து நாகர்கோவிலிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தாள். சித்திக்குக் கிட்டப்பார்வை. சோடாப் பாட்டிலின் அடிப்பாகம் போலத் தடித்த "சோடாபுட்டி"க் கண்ணாடி போடுவாள், அது இல்லாவிட்டால் தெருவில் வருவது அப்பாவா தபால்காரரா என்று சொல்லத் தெரியாது. ஆனால் ஊசி கோர்க்கும்போது மட்டும் அந்தக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு, மூக்கு ஊசியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, ஒரே குத்தில் கோர்த்துவிட்டுப் போய்விடுவாள். தூரத்தில் ஒன்றும் தெரியாத கண்ணுக்குப் பக்கத்தில் எல்லாம் துல்லியமாகத் தெரியும் என்ற எளிய விஷயத்தை எங்கள் வீட்டில் யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. இந்தக் கதையே அந்த யோசிக்காமையால் நடந்ததுதான்.

சித்தியைப் பெண் பார்க்க வந்த இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. "பிள்ளைக்குக் கண்ணு தெரியாதாமே" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தெரு முழுக்க அவள் கண்ணாடியோடுதான் நடக்கிறாள், சொல்வதற்கு ஒற்றன் ஒருவனும் தேவையில்லை. அம்மாவோ சொன்னவள் யார் என்று கண்டுபிடிப்பதிலேயே குறியாக இருந்து, ஒவ்வொரு வாரமும் ஒவ்வொருத்தியோடு பேச்சை நிறுத்தினாள். மூன்றாவதாக வடசேரியிலிருந்து ஒரு இடம் வந்தபோது அம்மாவும் அப்பாவும் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்கள், அன்றைக்கு மட்டும் கண்ணாடி கிடையாது என்று. இதுவும் போனால் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட வேண்டியதுதான் என்று சித்தியிடம் சொல்லியிருந்தார்கள். சித்தி அன்று சாப்பிடாமல் எழுந்து போனாள்.

மாப்பிள்ளை வீட்டில் தாயில்லை, வளர்த்த அக்காதான் எல்லாம். அந்த அக்கா காலையில்தான் வருவோம் என்று சொல்லியனுப்பினாள். அம்மாவுக்கு அங்கேயே மூக்கில் வேர்த்துவிட்டது. நல்ல வெயிலில் வைத்துக் கண்ணைச் சோதிக்கப் பார்க்கிறாள் என்று முடிவுகட்டி, அன்று காலையில் நேரம் சரியில்லை என்று அப்பா மூலம் ஒரு காரணம் சொல்லி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாற்றிவிட்டாள். மங்கின வெளிச்சத்தில் சித்தி கண்ணைச் சுருக்குவது வெளியே தெரியாதல்லவா. அவர்கள் தயங்கித் தயங்கித்தான் ஒத்துக்கொண்டார்கள். அந்தத் தயக்கத்தையும் அம்மா தன் சந்தேகக் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

பிறகு ஒத்திகை. உள்ளறையிலிருந்து காப்பித் தட்டோடு வரவேண்டும், வாசற்படியில் இடறக்கூடாது, வந்திருப்பவர்களில் ஆணையும் பெண்ணையும் மாற்றி வணங்கிவிடக்கூடாது. சித்தி எனக்கு ஒரு பளீர் மஞ்சள் பாவாடையைத் தேடி எடுத்துக் கட்டிவிட்டாள். நான் முன்னால் நடக்க, அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டே அவள் பின்னால் வருவதாக ஏற்பாடு. கட்டிவிடும்போது என் காதருகே, "மக்ளே, எல்லாரும் அவங்க என்னைப் பாக்கதப் பத்தியே பேசுகாவ. நான் அவரப் பாக்க வேண்டாமா? எனக்கு ஒண்ணும் தெரியப் போறதில்ல. நீ பாத்துச் சொல்லு" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாழ்நாள் முழுக்கக் கூட இருக்கப்போகிற ஆளின் முகமே தெரியாமல் தலையாட்டப் போகிறாள். எனக்கு அழுகை வந்தது.

வாசலில் ஆட்டோ நின்ற சத்தம் கேட்டதும், அதுவரை சித்தியின் மூக்கிலேயே இருந்த கண்ணாடியைப் பிடுங்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்பா சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் கூடத்திலேயே இருந்த தையல் மிஷினின் டிராயரில், பாபின்களுக்கும் நூல்கண்டுகளுக்கும் நடுவே அதைத் தள்ளிவிட்டு, மிஷினை ஒரு பூப்போட்ட துணியால் மூடி, மேலே ஒரு பூச்சாடியையும் வைத்துவிட்டார். பெண் பார்க்க வருகிறவர்கள் மிஷினைத் திறந்தா பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தார், பாவம்.

வந்தவர்களை நான் ஒரு போலீஸ்காரியின் கண்ணோடு பார்த்தேன். மாப்பிள்ளை நல்ல உயரம், சுருண்ட முடி, படியேறும்போது அக்கா அவருடைய முழங்கையைப் பிடித்திருந்தாள். அம்மா நேந்திரங்காய் வறுவல் "உப்பேரி"த் தட்டை நீட்டியபோது அவர் கையை நீட்டவில்லை, அக்கா எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். இத்தனை வயதுக்கும் அக்கா ஊட்டிவிட வேண்டிய ஆளா என்று எனக்குத் தோன்றியது. காப்பி கொடுத்து முடித்து சித்தி பாயில் உட்கார்ந்ததும், அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு, பார்த்ததையெல்லாம் மெல்ல ஒப்பித்தேன். கடைசியாக, மூக்கின் இரண்டு பக்கமும் குழிகுழியாக ஒரு தடம் இருப்பதையும் சொன்னேன். சித்தியின் முதுகு சட்டென்று நிமிர்ந்தது. அவள் மூக்கிலும் அதே இடத்தில் கண்ணாடி அழுத்திய அதே தடம் உண்டு, அன்று பவுடர் அப்பி மறைத்திருந்தார்கள்.

அக்காக்காரி காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு மிஷினைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்ப் பூச்சாடியை இறக்கி வைத்துத் துணியை விலக்கினாள். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிற பெண்கள் பின்னலை இழுத்து ஒட்டுமுடிச் சவுரியா என்று பார்ப்பதும், நடக்கச் சொல்லிக் காலைப் பார்ப்பதும், கண்ணைச் சோதிக்க ஊசி கோர்க்கச் சொல்வதும் அன்று சாதாரணம். இவள் இன்னும் ஒரு படி மேலே போய், கைப்பையிலிருந்து ஒரு சிவப்பு ரவிக்கையை எடுத்தாள். தையல் விட்டுப்போச்சு, ஒரு ஓட்டு ஓட்டித் தர வேண்டும் என்றாள். அம்மா அதை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள். அது தானாக விட்ட தையல் இல்லை, பிளேடு வைத்துப் பிரித்தது. நூல் முனைகள் வெட்டு வெட்டாக நின்றன. நான் ஓட்டித் தருகிறேன் என்று அம்மா முந்தினாள்.

"பிள்ள கோக்கட்டு மைனி. சிவப்பு நூல் இருக்கும்லா?" என்று அக்காக்காரியின் கை டிராயரை நோக்கிப் போனது.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். சித்தி எழுந்து, "நான் எடுக்கேன்" என்று மஞ்சள் பாவாடையைக்கூட எதிர்பாராமல் நேரே போய், டிராயரைக் கொஞ்சமாகத் திறந்து கையை விட்டுத் துழாவிச் சிவப்பு நூல்கண்டை எடுத்தாள். உட்கார்ந்தாள். நூலை என்னிடம் நீட்டினாள், நான் எச்சில் தொட்டு உருட்டிக் கொடுத்தேன். அவள் தினமும் செய்வதுபோலவே குனிந்து ஒரே குத்தில் கோர்த்துவிட்டாள். அம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அக்காக்காரியின் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் எதிர்பார்க்கவில்லை, கண்கூடக் கலங்கியிருந்தது. எனக்கு அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. ஒரு ஊசி கோர்த்ததற்கு யாராவது கண் கலங்குவார்களா?

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று அப்பா தன் காப்பியை எடுத்தபோது, சித்தி கோர்த்த நூலை ஊசியிலிருந்து உருவிவிட்டாள்.

"இனி அவரும் ஒரு மட்டம் கோக்கட்டு" என்றாள்.

பெண் பார்க்கிற இடத்தில் எந்தப் பெண்ணும் மாப்பிள்ளையை ஒரு தடவை கோர்க்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆம்பிளைக்கு எதுக்கு அந்த வேலை என்று அக்கா பதறினாள், அம்மா சித்தியைக் கண்ணால் எரித்தாள். மாப்பிள்ளை மட்டும் எழுந்து வந்தார். மிஷின் மேசையின் விளிம்பைக் கையால் தடவி உட்கார்ந்தார். நூலின் முனை ஊசிக்கு இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது, ஒரு தடவை ஊசியே இல்லாத இடத்தில் போனது. அதைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் இறங்கிவிட்டது.

"போதும்க்கா," என்றார் அவர், நூலைக் கீழே வைத்துவிட்டு. "எனக்குக் கண்ணு சரியில்ல. கண்ணாடி போட்டாலும் வெளிச்சம் கொறஞ்சா தெரியாது. இன்னும் கொறையும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

காலையில் வருவோம் என்று அவர்கள் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அக்காக்காரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒருத்தருக்காவது நல்லாத் தெரியணும்லா மைனி, அதுக்குத்தான் பாத்தேன்" என்று அழுதாள்.

சித்தி டிராயரை முழுக்கத் திறந்தாள். நூல் சுற்றிக்கிடந்த கண்ணாடியை எடுத்து, முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவரை முதல் தடவையாகப் பார்த்தாள். அவசரமில்லாமல் பார்த்தாள். "இது இல்லாம நீங்க இருக்கதே எனக்குத் தெரியாது. போட்டா எல்லாம் தெரியும்" என்றாள். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சிவப்பு நூலை மறுபடியும் கோர்த்து, அந்த ரவிக்கையைத் தைத்துக் கையில் கொடுத்துத்தான் அவர்களை அனுப்பினாள்.

அவர்கள் போனபிறகு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லவேண்டாம். ஏமாற்ற வந்திருக்கிறார்கள் என்று அப்பா குதித்தார், அம்மாவும் சேர்ந்துகொண்டாள். கண்ணாடியை ஒளித்துவைத்த இரண்டு பேரும் அதைச் சொன்னதுதான் விசேஷம். வேறு யார் வந்தாலும் சரி, இந்த இடம் வேண்டாம் என்றார்கள். மறுநாள் காலையிலும் சித்தி ஒரே பிடியில் நின்றாள். "நூல் கோக்கக் கேட்டேன், உண்மையத் தந்தாரு. எனக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிப் போனாள். அந்த ஆவணியிலேயே கல்யாணம் நடந்தது. பிரித்துத் தைத்த அதே சிவப்பு ரவிக்கையை அக்காக்காரி கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். அதிலும் ஏதோ உள்நோக்கம் இருப்பதாக அம்மா கடைசிவரை நம்பினாள்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. சித்தப்பாவுக்கு உண்மையிலேயே தெரியவில்லையா, இல்லை வேலை செய்யாமல் தப்பிக்க நடிக்கிறாரா என்று பல வருஷம் அவரைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். டாக்டர் சொன்னதுதான் நடந்தது. கடைத்தெருவில் சித்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தவர், பிறகு வீட்டுக்குள்ளும் சுவரைத் தொட்டு நடக்க ஆரம்பித்தார். என் சந்தேகம் எப்போது தீர்ந்தது என்று நினைவில்லை, ஆனால் தீர்ந்த நாளில் நான் சந்தோஷப்படவில்லை.

இப்போது அம்மா இல்லை, அப்பா இல்லை, அந்த அக்காவும் இல்லை. பின்னலை இழுப்பதும் ஊசி கோர்க்கச் சொல்வதும் போய்விட்டன. பெண்ணும் பையனும் பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் சந்தித்து, ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் நேராகப் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். கண்ணாடி ஒரு குறையில்லை, அழகுக்காகவே போடுகிறார்கள். இவை ஒழிந்ததில் எனக்கு வருத்தம் துளியும் கிடையாது.

ஒழியாமல் இருப்பது மிஷின். அது இப்போது சித்தியிடம் இருக்கிறது, அவர்களும் இப்போது ஸ்ரீவராகத்தில்தான் இருக்கிறார்கள். போன மாதம் சித்திக்குக் கண்புரை ஆபரேஷன் செய்து உள்ளே லென்ஸ் வைத்தார்கள். சோடாபுட்டி போயே போய்விட்டது. மாடியில் நின்று கோயில் கோபுரத்துப் பொம்மைகளைப் பார்க்கிறாள், தெருமுனையில் வரும் என்னை அடையாளம் கண்டு கையாட்டுகிறாள். ஆனால் பிறந்ததிலிருந்து துல்லியமாகத் தெரிந்த பக்கத்துப் பார்வை போய்விட்டது. படிக்கிற கண்ணாடிக்கு இன்னும் சில வாரம் பொறுக்கவேண்டுமாம். தலையணை உறை கிழிந்திருக்கிறது, ஊசி கோர்த்துத் தா என்று கூப்பிட்டாள். நான் நூலை எச்சில் தொட்டு உருட்டி, குனிந்து, விலகி, மறுபடி குனிந்து பார்த்துவிட்டு, "ஊசிக் கம்பெனிக்காரன் காத ரொம்பச் சின்னதாப் பண்ணிட்டான் சித்தி" என்றேன்.

உள்ளேயிருந்து சித்தப்பா சுவரைத் தொட்டபடி வந்தார். நகர்ந்து உட்காரச் சொன்னார். வலது கைக் கட்டைவிரல் நகத்தை ஊசியின் மேலிருந்து அதன் பள்ளத்தோடு மெல்லக் கீழே இறக்கி, ஊசிக் காது தட்டுப்பட்ட இடத்தில் நிறுத்தினார். நூலை நாக்கில் நனைத்து அந்த நகத்தின் ஓரமாகக் கொண்டுவந்து ஒரு தள்ளு தள்ளினார். பின்பக்கம் விரலால் தேடி இழுத்தார். கோர்த்தாயிற்றா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எங்கள் மூன்று பேராலுமே முடியவில்லை. சித்தி சக்கரத்தைச் சுற்றி மிதியை அழுத்தினாள், தையல் விழுந்தது.

சித்தி கொஞ்ச நேரம் அந்தத் தையலைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு நூலை அறுத்து, ஊசியிலிருந்து உருவிவிட்டாள்.

"எனக்கு நம்பிக்கையில்ல," என்றாள், அவருடைய கையைப் பிடித்து ஊசிக்குப் பக்கத்தில் வைத்து. "இன்னும் ஒரு மட்டம் கோத்துக் காட்டுங்க."