நெஞ்சுக்கு எட்டாத மருந்து

தொய்வு, அதுதான் மூச்சிழுப்பு, வந்தவனுக்கு ஊரெல்லாம் வைத்தியர். ஒருவர் ஆடாதோடை என்பார், இன்னொருவர் தூதுவளை என்பார், வேறொருவர் தயிரைக் கண்ணிலும் காணாதே என்பார். எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு நான் என் பாட்டில் பயந்துகொண்டிருந்தேன். எழுபதுகளின் பிற்பகுதி அது. சுன்னாகத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன். குடியிருந்தது மனைவியின் ஊரான சண்டிலிப்பாயில். வீட்டைச் சுற்றிப் புகையிலைத் தோட்டங்கள். காய்ந்த புகையிலையை ஆட்கள் சிப்பம் கட்டத் தொடங்கினால் என் நெஞ்சுக்குள் விசில் கேட்கும்.

அந்தப் பயத்தை இந்த நோய் வருத்தம் வராதவனுக்கு விளங்கப்படுத்த முடியாது. கதிரை நுனியில் இருந்து, கைகளை முழங்காலில் ஊன்றி, அடுத்த மூச்சு வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். "இஞ்சருங்கோ, சுடுதண்ணி தரட்டோ?" என்று மனைவி கேட்பாள். பதில் சொன்னால் அதற்கும் ஒரு மூச்சுச் செலவாகுமே என்று பேசாமல் இருப்பேன். அப்போது சாவைப் பற்றி நினைத்தாயா என்று கேட்டால், வேறெதையும் நினைக்கவில்லை.

என் அண்ணைக்கும் இதே வருத்தம். பருத்தித்துறையில் எங்கள் தாய்வீட்டில் இருந்தவர், சரக்குக் கப்பலில் வேலை. கப்பலில் ஒருவருக்கும் அவருடைய தொய்வு தெரியாது. தெரிந்தால் அடுத்த துறைமுகத்திலேயே இறக்கி விட்டுவிடுவார்கள். ஒருமுறை லீவில் வந்தபோது, வெளிநாட்டில் தனக்கு வாங்கிய பம்போடு எனக்கும் ஒன்று கொண்டு வந்தார். வாயில் வைத்து அடிக்கிற மருந்து. எங்கள் பக்கத்தில் அப்போது அதைக் கண்டவர்களே குறைவு.

"எப்பிடிப் பாவிக்கிறது, அண்ணை?" என்று கேட்டேன்.

"உதிலை என்ன வித்தை இருக்கு? சுழியோடுற மாதிரித்தான். நெஞ்சு முட்டக் காத்தை இழு. பம்பை வாயிலை வைச்சு அடி. மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இரு."

எங்கள் கரையில் பிறந்தவனுக்கு அதற்குமேல் சொல்லத் தேவையில்லை. கடலடியில் சிக்கிய வலையையும் நங்கூரத்தையும் மூழ்கி எடுத்துப் பழகியவர்கள் நாங்கள். இறங்குமுன் நெஞ்சை நிரப்பு, மேலே வரும்வரை விடாதே; எங்களுக்கு வேதம் அதுதான். பம்போடு வந்த தாளில் ஏதோ படம் போட்டிருந்தது. சுழியோடத் தெரிந்தவனுக்குப் படம் எதற்கு என்று பெட்டியோடு எறிந்துவிட்டேன்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்கு வாய்க்கும் எட்டியது, நெஞ்சுக்குத்தான் எட்டவில்லை. அடித்தால் நாக்குக் கசந்தது, கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. விசில் மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அடித்துப் பார்த்து, இழுப்புக் கேட்காததால் இன்னும் இன்னும் அடித்தேன். என் உதடு நீலம் பாரித்ததைக் கண்ட மனைவி அயலில் கார் பிடித்துப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். என் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மானிப்பாய் தாண்டுவேனா, ஆனைக்கோட்டை தாண்டுவேனா என்பதே வழிநெடுக என் யோசனை.

ஊசியும் ஒட்சிசனும் தந்து காப்பாற்றினார்கள். உடம்பு தெளிந்த பிறகு ஒரு பெண் டொக்டர் கட்டிலடிக்கு வந்தார். இந்தப் பம்ப் ஒன்றுக்கும் உதவாது என்று அவரிடம் எரிந்து விழுந்தேன்.

"அடிச்சுக் காட்டுங்கோ பாப்பம்" என்றார்.

நெஞ்சை நிரப்பினேன். அடித்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கணக்குச் சரியாகச் செய்த பொடியன் வாத்தியாரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தேன்.

"நெஞ்சு நிறையக் காத்து வைச்சிருக்கிறியள். மருந்து போக இடம் எங்கை?" என்றார். "காத்துப் போதாதெண்டு நீங்கள் நினைக்கிறியள். உள்ளை போன காத்து வெளியிலை வர ஏலாமல் நிக்கிறதுதான் உங்கடை வருத்தம். முதல்லை மெல்ல மெல்ல வெளியிலை விடுங்கோ. பிறகு பம்பை வாயிலை வைச்சு, ஆறுதலா இழுக்கத் தொடங்கேக்கையே அடியுங்கோ. மூச்சுப் பிடிக்கிறது கடைசியிலை. அது உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை."

கேட்க இலகுவாக இருந்தது. செய்யப் போனால் உடம்பு மறுத்தது. காற்றுக்குத் தவிக்கிறவனை இருக்கிற காற்றையும் விடு என்றால் எப்படி விடுவான்? பாதி விட்டதும் பயம் பிடித்து மறுபடி இழுத்துவிடுவேன். டொக்டர் சலிக்காமல் நின்றார். ஒருவழியாக விட்டேன், அடித்தேன். அன்றுதான் மருந்து தொண்டையைத் தாண்டி இறங்கியது. அடித்தும் ஆறாவிட்டால் வீட்டில் இருந்து மல்லுக்கட்டாமல் உடனே வரவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருந்தேன், அண்ணையின் நினைவு வரும்வரை. அவரும் இதே பிழையைத்தான் செய்துகொண்டிருந்தார். சுற்றிவரக் கடல். அவருக்கு அங்கே கார் பிடிக்க யார் இருக்கிறார்கள்?

கப்பல் கம்பனி விலாசத்துக்குத்தான் கடிதம் போடலாம். அங்கே யார் உடைத்துப் படிப்பார்களோ தெரியாது. அதனால் அவருடைய தொய்வைப் பற்றி ஒரு சொல்லும் சேர்க்காமல், எனக்கு வந்த வருத்தம், எனக்குச் சொல்லித் தந்த முறை என்று எல்லாவற்றையும் விரிவாக எழுதினேன். பதில் இல்லை. திரும்பவும் எழுதினேன். கப்பல் எந்தக் கடலில் நிற்கிறதென்றே தெரியவில்லை. தந்திக்காரனின் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பினால் செய்கிற வேலையை விட்டுவிடுவேன். அது எங்கள் வாசல் படலையைத் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். அயல் வீட்டுக்கு வந்த தந்தி என்று அறிந்தால் வெட்கமில்லாமல் ஆறுதலடைவேன்.

கடைசியில் அண்ணை வந்தார். மெலிந்திருந்தார். என் கடிதம் ஒன்றும் அவர் கைக்குப் போகவில்லை. பருத்தித்துறைக்கு ஓடிப்போய் முழுவதையும் சொன்னேன்.

"எனக்கே மூச்சுப் பழக்க வந்திட்டாய்" என்று சிரித்தார். "மூச்சு முட்டி நிக்கிறவனைப் போய் மூச்சை விடெண்டால் அவன் செத்தெல்லோ போவான்?"

அன்று பின்னேரம் மழை இருட்டியது. அவருக்கு இழுக்கத் தொடங்கியது. கட்டில் விளிம்பில் இருந்து பம்பை எடுத்து, பழைய முறையிலேயே அடித்தார். உதட்டோரத்தால் மருந்து வெண்புகையாகக் கசிந்து போனது. மறுபடி அடிக்கப் போன கையை நான் பிடித்துக்கொண்டேன். அண்ணையின் கையை அப்படி நான் பிடித்ததே இல்லை.

"விடுங்கோ, அண்ணை. காத்தை விடுங்கோ. நான் இருக்கிறன்."

என்னை முறைத்தார். பிறகு விடத் தொடங்கினார். விசிலோடு காற்று போய்க்கொண்டே இருந்தது. அவர் கண்ணில் பயத்தை நான் முதன்முதலாக அன்றுதான் கண்டேன். நான் சொன்னதைக் கேட்டு இவர் என் கைக்குள்ளேயே போய்விட்டால் என்ன செய்வேன் என்று பயந்தேன். "இப்ப இழுங்கோ, அடியுங்கோ" என்றேன். அடித்தார். பிடித்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொருமுறை. மழை விழத் தொடங்கிய பிறகு விசில் மெல்லத் தணிந்தது.

அவருக்குப் பேச்சு வந்ததும், "கப்பலிலை வந்தால் என்ன செய்வியள்?" என்று கேட்டேன்.

"எஞ்சின் அறைக்குள்ளை போய் ஒரு மூலையிலை இருப்பன். அந்தச் சத்தத்திலை நான் இழுக்கிறது ஒருத்தருக்கும் கேளாது" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஆருக்கும் தெரியக்கூடாதெண்டுதான் அங்கை போறனான். போய் இருந்த பிறகு, ஆருக்கும் தெரியாமல் செத்துப்போடுவனோ எண்டு பயமாக் கிடக்கும்."

அவருக்கு அடுத்த கிழமை கப்பல். பம்பை என் கையில் தந்து, "இன்னொருக்காக் காட்டு" என்றார்.