கெபியைச் சுற்றி நின்றவர்கள்

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ரப்பர் மரத்துக்குள் பிறந்து வளர்ந்தவளுக்கு இருட்டு என்ன புதிதா, பாம்புக்குப் பயப்படலாம், காட்டுப்பன்றிக்குப் பயப்படலாம், துப்பாக்கி வைத்திருக்கிற மனுஷனுக்குக் கட்டாயம் பயப்பட வேண்டும், மற்றதெல்லாம் வேலையில்லாதவர்கள் பேச்சு என்பதுதான் என் எண்ணம். இன்றைக்கும் அதுதான். அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டு, கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நஷ்டமில்லை. நஷ்டமெல்லாம் அப்போதே ஆகிவிட்டது.

இத்தனை வருஷம் வாயைத் திறக்காதவள் இப்போது ஏன் திறக்கிறேன் என்றால், போன மாதம் எங்கள் கோயிலுக்குப் புதிதாக வந்த இளம் சாமியார், பூசை முடிந்து வாலிபப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தார். ஒரு பெண், ஆகாயத்தில் வேறு உலகங்களில் உயிர் இருந்தால் நம் வேதம் என்ன ஆகும் ஃபாதர் என்று கேட்டாள். அவர் சிரித்தார். "ஒண்ணும் ஆகாதும்மா. இத்தனை உலகந்தான் படைக்கணும்னு கடவுளுக்கு நாம சொல்ல முடியுமா? அங்க இருக்கிறவங்க நம்மள மாதிரி பாவம் செய்யாதவங்களாக்கூட இருக்கலாம்" என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். யாரோ என் பக்கம் பலகாரத் தட்டை நீட்டினார்கள். என்னால் கை தூக்கி எடுக்க முடியவில்லை. அதே வார்த்தையைச் சொன்னதற்காகத்தான் என் புருஷனைக் கப்பல் ஏற்றினார்கள்.

அவர் பெயர் சூசை. கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இரண்டு பேரும் பால் வெட்டினோம். மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. காட்டுக்குள்ளிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடும் என்று லயத்து வீடுகளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றி முள்கம்பி அடித்து, கேட்டில் காவலுக்கு ஜாகாக்காரர்களை வைத்துவிட்டார்கள். வேலைக்குப் போகும்போது ஒரு சோற்றுப் பொட்டலம்கூடக் கொண்டுபோக முடியாது, இடுப்பைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள், பெண் பிள்ளை என்றும் பார்ப்பதில்லை. சாயங்காலம் கேட்டை மூடினால் வெளியே நிற்பவன் எதிரி. அவ்வளவுதான் சட்டம்.

கம்பி அடித்தபோது எங்கள் மாதா கெபி வெளியே போய்விட்டது. மரத்துக்கு நடுவே மாதா சிலையை வைக்க, கல்லும் சிமெண்டுமாகக் குகை மாதிரி எங்கள் ஆட்களே கட்டின சின்னக் கெபி. மாதா வெளியே தனியாக இருக்கிறாளே என்று சூசைக்கு உறக்கமே இல்லை. துரையிடம் சொல்லி, ஆபீஸ் கிராணியிடம் சொல்லி, கடைசியில் ஒரு நாள் வேலை முடிந்ததும் போய்ச் சுரூபத்தை எடுத்துவர அனுமதி வாங்கினார். நானும் கூடப் போனேன். எனக்கு அப்போது வயிற்றில் ஆறேழு மாசம்.

கேட்டில் நின்ற ஜாகா வேலு எங்கள் ஆள்தான். வாய் சும்மா இருக்காது.

"ஏண்ணே, உங்க மாதாவுக்கு ஐ.சி. கார்டு இருக்கா? இல்லாட்டி உள்ள விட மாட்டேன் லா."

"அவ புள்ளையோட இருக்கா. ரெண்டு ஐ.சி. நீயே எழுதிக் குடு" என்றார் இவர்.

"சீக்கிரம் வந்துருங்க. நம்ம முகம் தெரியாதவன் ட்யூட்டிக்கு வந்துட்டா நான் பொறுப்பில்ல."

சீக்கிரம் வந்திருக்கலாம். ஆனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சுரூபத்தை இடம் மாற்றும்போது பத்து மங்கள வார்த்தை செபம் சொல்லாமல் தூக்கக்கூடாது. அந்தச் செபத்தின் முன்பாதியை ஒருவர் சொல்லுவார், பின்பாதியைச் சுற்றி நிற்கிற எல்லாரும் சேர்ந்து சொல்லுவார்கள். கெபியில் நாங்கள் இரண்டு பேர்தான். மழை கட்டிக்கொண்டு வானம் கறுத்துவிட்டது. ஏங்க, இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். "மாதாவ மூட்டை மாதிரியா தூக்கிட்டுப் போறது?" என்று முட்டி போட்டுவிட்டார்.

அவர் முன்பாதி, நான் பின்பாதி. இரண்டு மூன்று போயிருக்கும். நம்புகிறவர்கள் நம்புங்கள், மரங்களுக்கு இடையில் வெளிச்சம் வந்தது. விளக்கு வெளிச்சம் இல்லை. அப்போதுதான் வெட்டின பட்டையிலிருந்து பால் இறங்கும்போது ஒரு வெள்ளை இருக்குமே, அந்த நிறம். ஒரே இடத்தில் இல்லை. இங்கொன்று அங்கொன்றாக, கோயிலில் ஆட்கள் இடம் விட்டு நிற்பது போல எங்களைச் சுற்றி நின்றது. மரங்களுக்கு நிழலே விழவில்லை. முகம் பார்த்தேன், கை கால் பார்த்தேன் என்று நான் சொல்ல மாட்டேன். பார்க்காததைச் சொல்லுகிறவள் இல்லை நான்.

இவர் நிறுத்தவில்லை. அடுத்த முன்பாதியைச் சொன்னார். நான் பின்பாதியை ஆரம்பித்தேன், கூடவே ஒரு சத்தம், வாயை மூடிக்கொண்டு பாடுவது மாதிரி, அந்த வெளிச்சங்களிலிருந்து. வார்த்தை இல்லை. ஆனால் நான் இழுக்கிற இடத்தில் இழுத்து, மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு வாங்கி, என்னோடே வந்தது. 'பாவிகளாயிருக்கிற எங்களுக்காக' என்ற இடம் வந்ததும் சத்தம் நின்றுவிட்டது. நான் தனியாக அதைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, மறுபடி சேர்ந்துகொண்டது. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. அந்த ஒரு இடத்தில் மட்டும் வாயே திறக்கவில்லை.

சூசை என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. "அவங்களுக்கு அது இல்ல புள்ள" என்றார், மெதுவாக.

கடைசிச் செபம் பாதியில் இருக்கும்போது சுட்டார்கள். வேலு போய் வேறு ஆட்கள் ட்யூட்டிக்கு வந்திருந்தார்கள். மரத்துக்குள் வெளிச்சத்தைப் பார்த்ததும், கம்யூனிஸ்டுகள் கூட்டம் போடுகிறார்கள் என்று எண்ணம். ஓடிவந்து இவரைச் சேற்றில் குப்புறத் தள்ளி முதுகில் முட்டியை வைத்து அழுத்தினார்கள். வெளிச்சம் உடனே போகவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

யாருக்கு விளக்குக் காட்டினாய், யாரைச் சந்தித்தாய் என்று இவரை லாக்கப்பில் வைத்து அடித்தார்கள்; பிள்ளைத்தாய்ச்சி என்று என்னை விட்டுவிட்டார்கள். எங்களிடம் ஒரு தீப்பெட்டிகூட இல்லை என்றால் யார் கேட்கிறார்கள். கிராணிதான் என்னிடம், கோயிலிலிருந்து யாராவது வந்து பொறுப்பேற்றுப் பேசினால் விட்டுவிடுவார்கள் என்றார். நான் நடந்தே போய் எங்கள் உபதேசியாரைக் கூட்டிவந்தேன். சாமியார் வராத நாளெல்லாம் எங்களுக்குச் செபம் சொல்லிவைப்பவர், இங்கிலீஷ் பேசுவார், ஆபீசர் நாற்காலி போடுகிற ஆள்.

அவர் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "டேய் சூசை, பிசாசப் பார்த்துப் பயந்துட்டேன்னு சொல்லிரு. நான் ஆபீசர்கிட்ட பேசுறேன். சிரிச்சிட்டு விட்டுருவான்" என்றார்.

"பிசாசு மாதா செபம் சொல்லுமாங்க?"

"அப்ப சாமி அனுப்பின சம்மனசுன்னு சொல்லப் போறியா? ஒனக்குக் காட்சி குடுக்க நீ பெரிய அர்ச்சியசிஷ்டவனா?"

"சம்மனசும் இல்லைங்க. சேதி ஒண்ணும் சொல்லலியே. நம்ம மாதிரி சாமி படைச்சதுதான். வேற எங்கயோ உள்ளவங்க."

"வேதத்துல எங்கடா இருக்கு அப்படி ஒரு சனம்? ஆதாம் புள்ளைங்களத் தவிர வேற யாருக்குக் கர்த்தர் ரத்தம் சிந்தினாரு?"

"பாவம் செய்யாதவங்களுக்கு எதுக்குங்க ரத்தம்?"

உபதேசியார் முகம் கறுத்துவிட்டது. என்னிடம் திரும்பி, "ஒன் புருசன் வேதத்த மறுக்கிற பதிதனாயிட்டான். பிசாசுன்னு அவன் வாயால சொன்னாத்தான் நான் வாயத் தொறப்பேன்" என்றார்.

"நானுந்தான் பார்த்தேன் உபதேசியாரே. எனக்காகவாவது போய் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றேன். நான் யாரிடமும் கெஞ்சினவள் இல்லை, அன்று கெஞ்சினேன். "வயித்துப் புள்ளக்காரி கண்ணு எதையும் பார்க்கும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே கோயிலில், வேறு சனம் உண்டு என்று சொல்வது சாத்தான் உபதேசம் என்று பேசினார். லயத்துக் கிறிஸ்தவர்கள் அதற்குப் பிறகு என் வீட்டுப் பக்கம் வரவில்லை. மாரியம்மன் கோயில் ஆட்கள்தான் எனக்குக் கஞ்சி கொண்டுவந்தார்கள். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நானும் சொல்லிப் பார்த்தேன். பிசாசு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாங்களேன், பிள்ளை பிறக்கப் போகுதே என்றேன். "ஒரு தப்பும் செய்யாத சனத்தப் பிசாசுன்னு சொல்லச் சொல்றியா?" என்றார். அதோடு விட்டுவிட்டேன். அவர் பொய் சொல்லாத மனுஷன் என்றுதான் நான் அவரைக் கட்டினது.

இந்தியாவில் பிறந்தவர் என்று அங்கேயே திருப்பி அனுப்ப முடிவானது. பிள்ளை பிறந்த பிறகு உன்னையும் அனுப்புவோம் என்றார்கள், யாரும் அனுப்பவில்லை. அவரைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சேதியும் கிடையாது. கிள்ளான் துறைமுகத்துக்குக் கொண்டுபோகிற அன்று கம்பி வழியாகப் பார்க்க விட்டார்கள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பிள்ளையைப் பற்றிப் பேசுவார் என்று பார்த்தேன்.

"திரேசா, அவனுங்க என் மொகத்தச் சேத்துல அழுத்திட்டானுங்க. சுட்டதுக்கப்புறம் ஒனக்கு ஏதாச்சும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க. பாதியில நின்ன செபத்த நான் முடிச்சேன். பயத்துல வாய் அதுவா சொல்லிருச்சு. அவங்களும் கூட வந்தாங்க."

"அந்த எடத்துல?"

"அந்த எடத்துல நிக்கலங்க. அதையும் சேர்ந்து சொன்னாங்க. அப்புறந்தான் வெளிச்சம் போச்சு."

அடித்தபோது அழாதவர் என்கிறார்கள். அன்றைக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நாமதான் கெடுத்துட்டோம் புள்ள" என்றார். போலீஸ்காரன் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

குண்டு யார் மேல் பட்டது, பட்டதா இல்லையா, எனக்குத் தெரியாது. மறுநாள் போய்ப் பார்த்தவர்கள் ரத்தமும் இல்லை, தடமும் இல்லை, ஒரு இலைகூடக் கருகவில்லை என்றார்கள். வெளிச்சமாக நின்றவர்கள் செபத்தின் அந்த இடத்தை எங்களுக்காகச் சொன்னார்களா, தங்களுக்காகச் சொன்னார்களா, அதுவும் தெரியாது. புதுச் சாமியாரிடம் கேட்கலாம், சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்வார். எனக்கு வேண்டாம்.

ஆனால் அன்று கம்பி வழியாகச் சூசையிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதுவரை வந்தது வாய்மூடிய வெறும் சத்தம். பாவிகளாயிருக்கிற எங்களுக்காக என்ற அந்த இடத்தில் மட்டும் அது வார்த்தையாக வந்தது, நல்ல தமிழில், மரங்களுக்கு இடையில் எல்லாப் பக்கத்திலிருந்தும். ஒவ்வொரு குரலும் என் குரலாக இருந்தது.