ரேஷன் கடைக்குக் குறுக்கே ஒரு பாவு

ரேஷன் கடையில் தராசு பிடிப்பவன் கை நடுங்கக் கூடாது. வரிசையில் நிற்கிற அத்தனை கண்ணும் முள்ளின் மேல்தான். தராசு பிடித்தவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும். எஸ்.எஸ்.எல்.சி. தேறாத நான் பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் தெருவில் அந்தப் பாடுதான் படுகிறேன்.

மழைக்காலத்து மீன்

அடைமழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். தறி நின்றால் கூலியும் நிற்கும். ஆனாலும் தென்னேரியிலிருந்து மீன் கொண்டுவரும் முனியம்மாக்கா எங்கள் கடை வாசலில்தான் கூடையை இறக்குவார். கூலியில்லாத ஜனத்திடம் என்ன வியாபாரமென்று கடை மேனேஜரின் மூக்குக் குரலை அப்படியே வரவழைத்து அதட்டினேன்; யார் குரலும் எனக்கு வரும். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"இருக்கிற காசை அரிசி மண்டியில குடுத்துட்டா எங்கிட்ட யாருபா வருவா? உன் கடை அரிசி இருக்கத்தொட்டுதான் என் கூடை காலியாவுது."

மண்டிக்காரர் தொண்டை

ஜனம் ரேஷன் அரிசிக்கு நிற்பது அரிசி மண்டி முதலாளிக்குப் பொறுக்கவில்லை. ரேஷனால் ஊர் வியாபாரமே படுத்துவிட்டதென்று மனுப் போட்டு, கடையை ரயிலடிக்கு அப்பால் மாற்ற உத்தரவு வாங்கிவிட்டார். தறியை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் யார் போவார்கள்? மண்டிக்குத்தான் வந்தாக வேண்டும்.

நான் மூட்டைமேல் ஏறி, வயிற்றைத் தள்ளி, அவரைப் போலவே செருமி, "ஊரே கெட்டுப்போச்சு" என்றேன். வரிசை குலுங்கிச் சிரித்தது. எதிர்க்கடைத் தையல்காரர் பாய் மட்டும் சிரிக்கவில்லை. ரேஷனுக்கு வரும் பெண்கள்தான் அவரிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள்.

"இந்த வரிசை போச்சுன்னா என் மிஷினும் நிக்கும் தம்பி. மண்டி மட்டும்தான் ஊரா?"

சாமியே நிற்கும் இடம்

கடைச் சாமானை ஏற்ற மண்டிக்காரர் அனுப்பிய மாட்டு வண்டி வந்த காலையில், தெரு நெடுகப் பட்டுப் பாவு, தறியில் ஏற்றுமுன் இழுத்துக் கட்டிச் சரிசெய்கிற நீள இழை, நீட்டியிருந்தது. எங்கள் தெருவில் பாவு போட்டால் சாமி புறப்பாடே காத்து நிற்கும். இழையை யாரும் தாண்டமாட்டார்கள். ஒரு வீட்டுப் பாவைச் சுருட்டியதும் அடுத்த வீட்டார் விரித்தார்கள். நான் கதவுக்குப் பின்னாலிருந்து மண்டிக்காரர் குரலில், "மாட்டை ஓட்டிக்கினு வீட்டுக்குப் போடா" என்று உறுமினேன். வண்டி திரும்பிவிட்டது.

நிஜ மண்டிக்காரரே வந்து, பாவை எப்போது எடுப்பீர்கள் என்றார். வரிசையில் எப்போதும் முதலில் நிற்கும் வள்ளியம்மா இழையை நீவிக்கொண்டே சொன்னார்:

"கடை இங்கியே இருக்கும்னு சொல்லுங்க மொதலாளி, இப்பவே சுருட்டிடறோம்."

கடைசியில் அவரே போய் உத்தரவை ரத்துப்பண்ண வைத்தார்; கடை நகரவில்லை. ஊர் வியாபாரம் படுத்துவிட்டதென்று மண்டிக்காரர் இன்னமும் சொல்கிறார், அதுவும் முனியம்மாக்காவிடம் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டே.