ஒரு சுற்றுப் பெரிய கையுறை

கப்பலில் வேலைக்கு ஏறுவதற்கு முன் நான் ஆசைப்பட்டு வாங்கப் போனது ஒரு ஜோடி கையுறை. கப்பலிலேயே பருத்தியில் கொடுப்பார்கள். ஆனால் கப்பலைக் கரையோடு கட்டும் வடத்தைப் பிடித்தால் அது நாலு நாளில் நைந்துவிடும், தோலில் ஒன்று வைத்துக்கொள் என்று எனக்கு முன்னால் போனவர்கள் சொல்லியிருந்தார்கள். எப்படிப்பட்டது வாங்க வேண்டும் என்பதும் தெரியும். பயிற்சியில் சொன்னதை நோட்டில் எழுதி வைத்திருந்தேன்: விரல் நுனியில் காலி இடம் இருக்கக் கூடாது.

அப்பாவும் வருவதாகச் சொன்னார். நாமக்கல்லில் லாரிக்குப் பாரம் ஏற்றி, தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டுகிற வேலை அவருக்கு. என் படிப்பு சம்பந்தமான எதிலும் அவர் வாய் திறந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால், எந்த இடத்தில் என்று என்னைத்தான் கேட்பார். கயிறு என்றதும் சட்டையை மாற்றிக்கொண்டு எனக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் நின்றார்.

சேலத்தில், போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்களுக்குச் சாமான் விற்கிற கடை. கடைக்கார பாய் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு ஜோடி எடுத்துப் போட்டார். விரலோடு ஒட்டி நின்றது.

"இது வேண்டாமுங்க பாய், இதவிடப் பெருசு குடுங்க" என்றார் அப்பா.

"தம்பிக்கு வெரலு மெலிசுங்க."

"கவுறு இழுத்தா கை வீங்கும். அப்பறம் இதக் கழட்டறதுக்கு வெளக்கெண்ணெயும் சேத்துக் குடுப்பீங்களா?"

பாய் சிரித்துக்கொண்டே இன்னொன்றை எடுத்தார். "இதுல மாமனும் மச்சானும் சேந்து கை உடலாம்."

"அதத்தான் கேட்டனுங்க."

லாரியில் அப்படித்தான். ஒரே ஜோடியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போடுவார்கள். முடிச்சுப் போட வெறும் விரல் வேண்டும் என்பதால், பாரத்தின் உச்சியில் நின்றபடி பல்லால் கடித்து இழுத்தால் உறை கழன்று வர வேண்டும். தொளதொளவென்று இருப்பதுதான் அங்கே நல்ல உறை.

இது வேற கவுறுங்ப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா அந்தப் பெரிய உறையைத் தன் கையில் மாட்டி, விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் என் காரியத்தில் அவருக்குச் சொல்லத் தெரிந்த ஒன்று வந்திருந்தது.

"சரிங்ப்பா, இதே இருக்கட்டும்" என்றேன்.

பிறகு வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வாங்கவில்லை.

மூன்றாம் மாதம், ஒரு துறைமுகத்தில், காலையிலிருந்தே மழை. விஞ்ச் என்கிற இழுவை இயந்திரத்தின் உருளை வடத்தைச் சுற்றி இழுக்க, அதன் வால்பக்கத்தை நான் பிடித்து வாங்கிக்கொண்டிருந்தேன். உறையின் காலி நுனி உருளைக்கும் வடத்துக்கும் நடுவில் போனது. நனைந்த தோலுறை கையை விடவில்லை. நான் கத்தியதும் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் வலக்கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் பாதிக்கு மேல் போயிருந்தன. இனிக் கப்பல் தளத்தில் வேலை செய்யத் தகுதியில்லை என்று எழுதி என்னை ஊருக்கு அனுப்பினார்கள்.

அப்பா என் கைக்கட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றுதான் கேட்டார்.

"உறை போட்டிருந்தியா சாமி?"

வழி முழுக்க அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டுதான் வந்தேன்.

"இல்லீங்ப்பா. அவசரத்துல வெறுங்கையில புடிச்சிட்டேன்."

அவர் முகத்தில் கோபம் ஏறியது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கை விசாரிக்கச் சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அப்பா சொல்கிறார்: "பாத்துப் பாத்து வாங்கிக் குடுத்தனுங்க. போட்டிருந்தா வெரலு தப்பிச்சிருக்கும். படிச்ச பையன், சொன்னாக் கேக்கோணுமல்ல?"

அவர்கள் என் பக்கம் திரும்புகிறார்கள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, ஆமாங்க, கேட்டிருக்கோணும் என்கிறேன்.