வலங்கைமான் பக்கத்தில் நான் செய்த துப்புரவு

காலை 6.10. சென்னையிலிருந்து வந்து இறங்கி, கும்பகோணத்தில் பேருந்து ஏறினேன். வலங்கைமானுக்குப் பத்து கிலோமீட்டர், டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். பக்கத்து இருக்கை அம்மாவுக்கு இலவசப் பயணம். என் டிக்கெட்டை இரக்கத்தோடு பார்த்தார்.

நண்பன் சவரிமுத்துவின் ஊரில் குளத்து வாய்க்காலைச் சுத்தம் செய்கிறார்கள். ஆற்றுத் தண்ணீர் அன்று மாலை நாலு மணிக்கு வருகிறது. அதற்குள் வேலை முடிய வேண்டும் என்று அழைத்திருந்தான். வலங்கைமானிலிருந்து ஆட்டோ, எண்பது ரூபாய்.

"வாய்க்கால் வெட்டவா, செல்ஃபி எடுக்கவா?" என்றார் ஓட்டுநர்.

"ரெண்டுக்கும்."

"அப்ப செல்ஃபிதான்."

7.15. குளக்கரையில் யாரையும் காணோம். வாய்க்கால் குளத்தில் விழும் இடத்தில் ஆள் உயரத்துக்குச் சம்புப் புல் அடைத்துக்கொண்டு நின்றது. வருகிறவர்கள் அசந்துபோகட்டும் என்று வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினேன். ஒன்றரை மணி நேரத்தில் பாதிப் புல் கரையில் கிடந்தது. மனைவிக்குப் புகைப்படம் அனுப்பினேன்.

8.50. வாய்க்காலின் மேல்பகுதியில் ஆகாயத்தாமரை அள்ளிக்கொண்டிருந்த கூட்டம் வந்தது. முன்னால் சவரிமுத்துவின் அக்கா அமலோற்பவம். குவியலைப் பார்த்து நின்றுவிட்டார்.

"யாரு செஞ்சது இது?"

"நான்தாங்க," என்றேன், பாராட்டுக்குக் காத்திருந்து.

"தம்பி, தெருச் சாக்கடையெல்லாம் மொதத் தண்ணியோட வரும். இந்தச் சம்புக்குள்ள நின்னு, அழுக்க எறக்கி வெச்சுட்டுத்தான் குளத்துக்குப் போவும். ரெண்டு வருஷமா நட்டு வளத்தது. போன வருஷந்தான் உடம்பு அரிக்காம குளிச்சோம்."

சவரிமுத்து என்னைத் தெரியாதவன்போல் வானத்தைப் பார்த்தான்.

நடவு வேலைக்குப் போகும் வசந்தா ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்தார். "சாரு நாத்துப் பறிக்கப் பொறந்தவரு, அக்கா. ஒரு வேரும் அறுபடல. திரும்ப நட்டுரலாம்."

அதுதான் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. நாலு மணிக்குள் அத்தனையையும் நட்டாக வேண்டும்.

வசந்தாவோடு வந்த பெண்கள் கயிறு பிடித்து வரிசை போட்டார்கள். நான் குனிந்தேன், இரண்டாவது வரிசையில் சேற்றில் உட்கார்ந்தேன்.

"சார், புல்லை நடச் சொன்னோம். உங்களை இல்ல."

"அவரு வரிசை பாம்பு மாதிரி போவுதுடி."

"சொல்லாத, பாம்பு கோச்சுக்கும்."

புதிதாக நட்டது பெயர்ந்துவிடாமல் இருக்க, குறுக்கே மூங்கில் வைத்துக் கட்டினோம்.

3.55. தண்ணீர் வந்துவிட்டது. நுரை, பாலிதீன் பை, ஒற்றைச் செருப்பு, மூக்கைப் பிடிக்கவைக்கும் நாற்றம். அக்கா வாய்க்கால் மதகின் பலகையை ஒரு சாண் மட்டும் தூக்கினார். தண்ணீர் சம்பில் முட்டி நின்றது. மெல்ல உள்ளே ஊர்ந்தது. இரண்டு கொத்துகள் பெயர்ந்து கிளம்பின. பாய்ந்து இரண்டையும் கட்டிப் பிடித்துக்கொண்டு இடுப்பளவில் நின்றேன்.

அந்தப் பக்கம் தண்ணீர் மங்கலாகத்தான் வந்தது. ஆனால் நுரை இல்லை. அக்கா ஒரு கை அள்ளி முகர்ந்தார்.

"நாத்தமில்ல. தப்பிச்சோம்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "பேந்தது ரெண்டும் உங்க வரிசைதான். அசையாம நில்லுங்க."

நின்றேன், ஐந்தே கால் வரை.

6.30. திரும்பும் பேருந்தில் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சென்னையில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஓர் ஏரி மிச்சமிருக்கிறது. கரையோரப் புல்லை அகற்றி நடைபாதை போடச் சொல்லும் மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. சங்கச் செயலாளரைக் கூப்பிட்டேன்.

"என் கையெழுத்தை அடிச்சுடுங்க சார்."

"ஏன் சார்?"

"புடுங்குறது ஒன்றரை மணி நேரந்தான். நட்டுப் பாத்தேன், முதுகு போயிடுச்சு."